வலிக்காத தோட்டா

1

போன வருஷம் இதே மழைக்காலத்தில் ஒரு காக்கா என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். கிருஷ்ணகிரியில் சின்னதாகப் பத்திரிகை நடத்தும் என் பள்ளித் தோழர், "மலேசியா வாழ்க்கையைப் பத்தி எழுதுப்பா, நம்ம ஜனங்க ஆசையாப் படிப்பாங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உயரமான கட்டடம், அகலமான ரோடு என்று எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. என்னிடம் இருப்பது காக்காவும் தோட்டாவும்தான். பிடித்தால் போடட்டும், பிடிக்காவிட்டால் பஜ்ஜிக் கடைக்குக் கொடுக்கட்டும்.

நாங்கள் இருப்பது ஒரு துறைமுக ஊர். இங்கே காக்கா அதிகம். நம்மூர்க் காக்காதான், கழுத்தில் சாம்பல் நிறம் உள்ளது. எந்தக் காலத்திலோ யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். மார்க்கெட், குப்பைத்தொட்டி, பள்ளிக்கூட கேன்டீன் எங்கேயும் அதன் ராஜ்ஜியம்தான். அதனால் முனிசிபாலிட்டி, இங்கே நகராண்மைக் கழகம் என்பார்கள், ஆள் வைத்துச் சுட்டுத் தள்ளுகிறது. அந்தக் கான்ட்ராக்டை எடுத்திருந்த லிம் என்ற சீனரிடம் நான் ஸ்டோர் பார்க்கிறேன். கொசு மருந்து, எலிப் பாஷாணம், தோட்டா எல்லாம் என் பொறுப்பு.

அன்றைக்கு மத்தியானம் டிபன் கேரியரோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். இரண்டு தெரு தள்ளி எங்கள் ஆட்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள், சத்தம் கேட்டது. அங்கே அடிபட்ட ஒன்று எப்படியோ பறந்து இவ்வளவு தூரம் வந்து என் காலடியில் விழுந்தது. செத்து விழுந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். சாகவில்லை. ஒரு இறக்கை விரிந்து கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு மலாய் அம்மாள் முகத்தை மூடிக்கொண்டார். காவலாளி ஒரு அட்டைப்பெட்டியைத் தேடி ஓடினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குழம்பு ஆறிப்போகும் என்று மட்டும் தோன்றியது, மேலே போய்விட்டேன்.

மூன்றாவது மாடியில் என் மனைவி ஜைத்தூன் படுத்திருந்தாள். கல்லீரல். முற்றிவிட்டது, இனிமேல் வலிக்கு மருந்து கொடுப்பதுதான் எங்களால் முடிந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும், ஜைத்தூனுக்குத் தெரியும், அவளுடைய அக்கா மைமூனுக்குத் தெரியும். எங்கள் ஒரே மகள் ஷமீமாவுக்கு மட்டும் தெரியாது. அவளுக்குப் பதினேழு வயது, பள்ளி இறுதிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"பரீட்சை முடியட்டும் மாப்ள. இப்பச் சொன்னா புள்ள ஒடஞ்சி போயிரும். அதோட படிப்பும் போயிரும்" என்றார் மைமூன் அக்கா. ஜைத்தூனும் தலையை ஆட்டினாள். கல்லீரலில் வீக்கம், மருந்தில் கரைந்துவிடும் என்று ஷமியிடம் சொல்லிவைத்தோம்.

பரீட்சை முடிகிறவரைக்கும் ஜைத்தூன் இருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதாவது, என் மகள் விஷயம் தெரிந்து தன் தாயை ஒரு தடவையாவது பார்ப்பாளா, இல்லை மய்யத்தைத்தான் பார்ப்பாளா என்பதே அப்போது எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. அதை நான் உட்கார்ந்து யோசித்தேனா என்றால், இல்லை. மரத்துப்போயிருந்தேன். ஊசி போட்ட பல்லில் நாக்கு படுகிற மாதிரி எல்லாம் இருந்தது.

2

ஆஸ்பத்திரி வாசலில் விழுந்த காக்கா நகராண்மைக் கழகம் வரைக்கும் போய்விட்டது. ஏற்கெனவே பள்ளிக்கூட வராந்தாவில், பிள்ளைகள் கண் முன்னால், துடித்துத் துடித்து விழுந்த கதைகள் இருந்தன. மனிதாபிமான முறையில் சுட வேண்டும், அதற்குத் தகுந்த தோட்டா எது என்று காரணத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு என்று ஓலை வந்தது. மனிதாபிமானத்துக்கு மலாயில் ஒரு நீளமான வார்த்தை. இத்தனை வருஷமாகியும் அது என் வாயில் பாதியிலேயே முறிந்துவிடும்.

லிம் என் மேஜைக்கு வந்தார். "உன் அப்பா துப்பாக்கிக் கடைக்காரர்தானே? நீயே பாரு" என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

உண்மைதான். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் அத்தா லைசென்ஸோடு துப்பாக்கியும் தோட்டாவும் விற்றுக்கொண்டிருந்தார். ராவுத்தர் குடும்பத்தில் ஜவுளி வைப்பார்கள், மளிகை வைப்பார்கள். இவர் யார் பேச்சைக் கேட்டு இதை வைத்தாரோ தெரியாது. கடையின் நீளம் ஒரு ஆள் படுக்கிற அளவுதான். ஆனால் அங்கே மூன்று பாஷை புழங்கும். ஜவளகிரிப் பக்கத்துக்காரர்கள் கன்னடத்தில் காட்டுப்பன்றிக்குத் தோட்டா கேட்பார்கள். ராயக்கோட்டையிலிருந்து தக்காளிக்காரர்கள் வந்தால் தெலுங்கு. அத்தா எல்லாருக்கும் அவரவர் பாஷையிலேயே பதில் சொல்வார், பேரம் மட்டும் தமிழில் பேசுவார். ஏன் என்று கேட்டால், "கோவம் வந்தா எனக்குத் தமிழ்தாண்டா வருது" என்பார்.

தோட்டா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காக்கா சுடுகிற தோட்டாவுக்குள் ஒரே குண்டு இருக்காது, பொடிப்பொடியாக ஈய ரவைகள் இருக்கும். சுட்டதும் விரிந்து போகும். நம்பர் ஏற ஏற ரவை சின்னதாகும். எட்டாம் நம்பர் கடுகு பெரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலாம் நம்பர் மிளகுக்குக் கொஞ்சம் கீழே. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் நாகரசம்பட்டியிலிருந்து முனிரத்தினம் வந்தார். மாந்தோப்புக்காரர், தோப்புக்குள்ளேயே கோழியும் வளர்த்தார். அப்போது நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வார லீவுக்கு வந்தவன் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"பாய், காக்கா தொல்லை தாங்கலீங்க. குஞ்சு ஒண்ணு விடறதில்ல, தூக்கிட்டுப் போயிருது."

"சுடுங்களேன். லைசென்ஸ் இருக்குதில்ல?"

"சுடலாங்க. ஆனா அமாவாசைக்கு அதுக்குத்தானே சோறு வெக்கறோம்? எங்கப்பன் செத்து ரெண்டு வருசந்தான் ஆவுது. எது அப்பன், எது சும்மா காக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப வலிக்காத தோட்டா ஏதாச்சும் இருந்தாக் குடுங்க" என்றார்.

அத்தா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எட்டாம் நம்பரை எடுத்து வைத்தார். "இது பொடி ரவை. வலியும் பொடிசாத்தான் இருக்கும்" என்றார். முனிரத்தினம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். அவரைப் பார்த்துத் தோப்புக்காரர்கள் எல்லாரும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். அமாவாசைக்குப் படைக்கிற கை, அதனால் எல்லாருக்கும் அந்தப் பொடி ரவைதான் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரணத்துக்காகத் தோட்டா வாங்கியிருக்க மாட்டார்கள்.

3

ஷமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்தது இங்கே. தமிழ் பேசுவாள், ஆனால் அது எங்கள் தமிழ் இல்லை. பெரியம்மாவைப் பார்த்து "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுத் திட்டு வாங்குவாள். மலாயில் சிரிப்பாள், இங்கிலீஷில் கோபப்படுவாள், பசிக்கு மட்டும் தமிழ். கிருஷ்ணகிரி என்றால் அவளுக்கு என் பாஸ்போர்ட்டில் இருக்கிற ஒரு வார்த்தை. ஒரு தடவை அழைத்துப் போனோம். மாங்கனியையும் கொசுவையும் தவிர எதுவும் ஞாபகமில்லை என்கிறாள். நான் எதற்கு வருத்தப்பட வேண்டும்? அவளுடைய ஊர் இதுதான். அவளுக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, எனக்கும் ஜைத்தூனுக்கும் இன்னமும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரி கவுண்டரிலும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் இங்கே வரச் சொல்வார்கள். ஆரம்பத்தில் கத்தினேன், அப்புறம் கத்துவதையும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷமியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம். அதற்கு முன்னால் ஒரு பெரிய ஏற்பாடு நடக்கும். ஜைத்தூன் நர்ஸிடம் சொல்லி ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வாள். மைமூன் அக்கா அவளுக்குப் பவுடர் பூசுவார், புதுத் தாவணியால் தலையைச் சுற்றிவிடுவார். கண் மஞ்சளாகிவிட்டதால் கறுப்புக் கண்ணாடி மாட்டுவார்கள். கண்ணில் மருந்து விட்டிருக்கிறது, வெளிச்சம் படக் கூடாது என்று காரணம். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைப்பார்கள்.

"அம்மா, சினிமா ஸ்டார் மாதிரி இருக்கீங்க" என்பாள் ஷமி.

"பின்ன? உங்கத்தா என்னைச் சும்மாவா கட்டிக்கிட்டு வந்தாரு?" என்பாள் ஜைத்தூன்.

சிரிப்பார்கள். ஷமி பத்து நிமிஷம் பள்ளிக்கூடக் கதை சொல்வாள், பிறகு கையில் கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்துக்கொள்வாள். அவள் மேல் தப்பில்லை. வீக்கம் கரைந்து அடுத்த மாதம் வீட்டுக்கு வரப்போகிற அம்மாவிடம் அப்படி என்ன பேச இருக்கிறது? அவள் படியிறங்கியதும் ஜைத்தூன் அப்படியே சரிவாள். தலையணையைக் கடித்துக்கொள்வாள். வலிக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க" என்பாள். என்னிடமும் அதே பதில்தான். எனக்கு அவளைத் திட்ட வேண்டும் போல இருக்கும். யாருக்காக இந்த நாடகம் என்று கத்த வேண்டும் போல இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவேன்.

4

முனிரத்தினம் திரும்பி வந்தது ஒரு தை அமாவாசை முடிந்த மறுநாள், அன்றைக்கும் நான் லீவில் கடையில் இருந்தேன். கடைக்குள் ஏறியவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அத்தா டீ சொன்னார். டீ வந்து ஆடை கட்டியது, அவர் தொடவில்லை.

"தோட்டா தீந்துபோச்சா?" என்று கேட்டார் அத்தா.

"நேத்து இலை போட்டனுங்க பாய். கா கான்னு கூப்பிட்டேன். நெறைய வந்துச்சு. அதுல ஒண்ணுக்கு மூக்கு இல்ல."

"என்னாது?"

"கீழ் மூக்கு பாதி காணமுங்க. நம்ம ரவை பட்டுத்தான் போயிருக்கு, வேற என்ன? மத்ததுங்க எல்லாம் தின்னுட்டுப் போயிருச்சு. அது மட்டும் சோத்தைக் கொத்துது, வாயில நிக்கமாட்டேங்குது. கொத்துது, கீழே விழுது. எம் பொண்டாட்டி அழுவறா. எங்கப்பன் சாப்புட வந்துட்டு சாப்புட முடியாம நிக்கறான் பாய்."

பெரிய ஆள் அவர், கறுத்த மீசை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அழுதார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தா தோட்டா டப்பாக்களை எடுத்து எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"பக்ரீத் வந்தா நாளெல்லாம் கத்தியத் தீட்டறவன் நான்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "மொண்ணையா இருந்தா ஆட்டுக்கு வேதனைன்னு தெரியும். அது தெரிஞ்சும் உங்க கையில மொண்ணைக் கத்தியக் குடுத்து அனுப்பிட்டனே முனிரத்தினம். உங்களுக்கும் எனக்கும் எரக்கம் ஜாஸ்தி ஆயிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல."

இருவரும் அந்த மத்தியானமே பஸ் ஏறி நாகரசம்பட்டிக்குப் போனார்கள். நானும் போனேன். மூக்குப் போன காக்கா கோழிக் கொட்டகைக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தது, ஆள் கிட்டே போயும் எழும்பவில்லை. முனிரத்தினம் தன்னால் முடியாது என்றதால் அத்தா அவருடைய துப்பாக்கியை வாங்கி, நாலாம் நம்பர் போட்டு, நாலு காலடித் தூரத்தில் போய் நின்று சுட்டார். ஒரு துடிப்பு கூட இல்லை. முனிரத்தினம் கிணற்றடியில் போய்க் குளித்துவிட்டு வந்தார். அதன் பிறகு எங்கள் கடையில் காக்காவுக்கு எட்டாம் நம்பர் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அலமாரியில் இருந்தாலும்.

5

லிம்மின் ஸ்டோரில் அடுக்கியிருந்ததும் எட்டாம் நம்பர்தான். இங்கே யாருக்கும் இரக்கம் இல்லை, மலிவாகக் கிடைத்தது, அவ்வளவே. துப்பாக்கி கிளப்பில் களிமண் தட்டு சுடுவதற்காக விற்கிற தோட்டா அது. மண் தட்டை உடைக்கப் போதும். உயரமான மரத்தில் இருக்கிற காக்காவைக் கொல்லப் போதாது.

ஆறாம் நம்பரிலும் நாலாம் நம்பரிலும் கொஞ்சம் வாங்கி, எங்கள் சுடும் ஆட்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே பழைய கல்குவாரிக்குப் போனேன். ஸ்டோரில் கிடந்த பழைய டெலிபோன் டைரக்டரியைக் கம்பத்தில் கட்டினோம். மரத்தின் உயரம் இருக்கிற தூரத்திலிருந்து எட்டாம் நம்பரைச் சுடச் சொன்னேன். ரவைகள் முதல் பக்கங்களில் இருந்த அப்துல்லாக்களைத் தாண்டவில்லை. அடுத்த டைரக்டரியில் ஆறாம் நம்பர், அது லிம்கள் வரைக்கும் போய்விட்டது. நாலாம் நம்பர் இன்னும் ஆழம் போனது. ஆனால் ரவை பெரிசாகிவிட்டால் எண்ணிக்கை குறையும், நடுவில் ஓட்டை விழும். பக்கத்தில் தொங்கவிட்ட பேப்பரில் ஒரு காக்கா முழுசாக உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அத்தா நாலு காலடித் தூரத்தில் நின்று சுட்டார், அதனால் அவருக்கு அது சரி. மர உயரத்துக்கு ஆறுதான் சரி என்று முடிவு செய்தேன். ஆறு, அதுவும் அந்த உயரத்துக்குள் இருந்தால் மட்டும். தூரத்தில் இருப்பதை விட்டுவிட வேண்டும். சுடுகிறவருடன் இன்னொரு ஆள் நின்று, விழுந்ததில் உயிர் இருந்தால் அங்கேயே அப்போதே முடித்துவிட வேண்டும்.

இதையெல்லாம் செய்கிறபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நம்பர், தூரம், ஓட்டை, இவற்றில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஜைத்தூனின் ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் வந்தது.

அறிக்கையை மலாயில் எழுத வேண்டும். என் மலாய் கடைவீதிக்குப் போதும், காகிதத்துக்கு ஆகாது. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஷமியை உட்காரவைத்து, நான் தமிழில் சொல்ல, அவள் எழுதினாள்.

"அத்தா, சின்ன ரவைன்னா வலி கம்மிதானே? ஏன் வேணாங்கறீங்க?"

"கம்மி இல்லம்மா. உள்ள வரைக்கும் போகாது. அடிபடும், ஆனா சாகாது. பறந்து போயி எங்கயாவது உக்காந்து நாள் கணக்குல அவதிப்படும்."

"பெருசுன்னா?"

"தெரியறதுக்குள்ள முடிஞ்சிரும்."

பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப பாவம் பாத்து சின்னதுல சுடறவங்கதான் மோசம்" என்றாள். அதையே மலாயில் ஒரு வாக்கியமாக எழுதி எனக்கு வாசித்தும் காட்டினாள். பிறகு, "அத்தா, அம்மா அடுத்த மாசம் வந்துருவாங்கல்ல? பரீட்சை முடிஞ்சதும் எனக்குப் பிரியாணி சொல்லிக் குடுக்கறேன்னாங்க" என்றாள்.

நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எனக்கு இவ்வளவு சிரமமாக இருந்ததே இல்லை. அவள் அடுத்த வரியை எழுதக் குனிந்துவிட்டாள்.

6

அந்த வாரம் முழுக்க எனக்குச் சுடலைமுத்துவின் நினைப்பாகவே இருந்தது. ஓசூரில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன், திருநெல்வேலிக்காரன், லேத் ஆபரேட்டர். எங்கள் ரூமில் தெற்கத்திப் பையன்கள்தான் அதிகம். எல்லாருக்கும் ஊர் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அப்பால். அந்தக் காலத்தில் வீட்டில் யாராவது செத்துப்போனால் செத்துப்போனதாகத் தந்தி வராது. சீரியஸ், உடனே வா என்றுதான் வரும். வழியில் தனியாகக் கிடந்து தவிக்கக் கூடாதே என்கிற நல்ல எண்ணம். சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வாங்குகிறவனுக்கும் தெரியும், பெட்டி கட்டிக் கொடுக்கிற நமக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

ஒரு நாள் இரண்டாம் ஷிப்டு ஆரம்பிக்கிற நேரத்தில் சுடலைமுத்துவுக்கு அப்படி ஒரு தந்தி வந்தது. அம்மா சீரியஸ். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"எங்கம்மை போயிட்டால்லா" என்றான். "அண்ணன் பம்பாயிலேருந்து வரணும். அவன் வராம எடுக்க மாட்டாவ. இப்ப விழுந்தடிச்சி ஓடி என்ன செய்ய? லீவுக்குக் கையெழுத்து வாங்கிட்டுக் காலையில போறேன்."

நாங்களும் சரி என்றோம். மறுநாள் காலையில்தான் பஸ் ஏறினான். அவன் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். அந்தத் தடவை தந்தி எழுதியவர்கள் நிஜத்தையே எழுதியிருந்தார்கள். சீரியஸ் என்றால் சீரியஸ்தான். கடைசி வரைக்கும் நினைவோடு இருந்து, "சொடலை எங்க, சொடலை வந்துட்டானா" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இவன் போய்ச் சேருவதற்குச் சற்று முன்புதான் பேச்சு நின்றதாம்.

காரியம் முடிந்து ரூமுக்கு வந்தவன் ஒரு வார்த்தைதான் சொன்னான். "நெசத்தச் சொன்னாலும் நம்ப முடியாதபடி நம்மள ஆக்கி வச்சிருக்காவளே."

7

திங்கட்கிழமை காலை. ஷமி சீருடை போட்டு, வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையில் மைமூன் அக்கா கேரியரில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாய் வந்திருக்காது.

"ஷமி, அம்மாவுக்குக் குணமாகாது. கொஞ்ச நாள்தான் இருப்பாங்க."

லேஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"டாக்டர்."

"எப்ப சொன்னாரு?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே."

மைமூன் அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். "அட பாவி மனுஷா! என்ன காரியம் பண்ணிட்டீங்க மாப்ள!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஷமி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மாவுக்கும் தெரியுமா? அம்மாவுக்கும் தெரியுமா? எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் அங்க உக்காந்து புக் படிச்சிட்டு இருந்தேனே, அத்தா!"

எழுந்து வந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். பலமாகவே குத்தினாள். நான் நின்றேன். கீழே பள்ளிக்கூட பஸ் ஹார்ன் அடித்தது. அவள் வராந்தாவுக்குப் போய், வரவில்லை என்று கையை ஆட்டி அதை அனுப்பிவிட்டு வந்தாள். ஒரு காலில் லேஸ் கட்டாமலே இருந்தது.

"வாங்க, போலாம்" என்றாள். மைமூன் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரியரை என் கையில் கொடுத்தார். அவர் எங்களோடு வரவில்லை.

பார்வையாளர் நேரம் ஆரம்பிக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் வழக்கம்போல என் சிவப்பு அட்டையை வாங்கிப் புரட்ட ஆரம்பித்தாள். ஷமி குறுக்கே புகுந்து மலாயில் என்னவோ சொன்னாள். இரண்டே வாக்கியம்தான். அந்தப் பெண் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

ஜைத்தூன் எங்களை எதிர்பார்க்கவில்லை. பவுடர் இல்லை, தாவணி இல்லை, கறுப்புக் கண்ணாடி மேஜை மேல் கிடந்தது. ஊசி போடும் நேரம் இன்னும் ஆகவில்லை. ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் முதலில் ஷமியின் சீருடையைத்தான் பார்த்தாள். அவசரமாகக் கண்ணாடிக்குக் கை நீட்டினாள். எட்டவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

தலையாட்டினேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். நீட்டிய கை மெல்ல இறங்கிப் படுக்கையில் விழுந்தது. இத்தனை நாளாக இழுத்துப் பிடித்து வைத்திருந்த முகம் என் கண் முன்னாலேயே தளர்ந்தது.

ஷமி ஷூவோடு கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் படுத்தாள். அந்த மஞ்சள் கண்களை இத்தனை கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், முகத்தைத் திருப்பவில்லை.

"வலிக்குதுடி பாப்பா" என்றாள் ஜைத்தூன். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ரொம்ப வலிக்குதுடி."

"எங்கம்மா?"

ஜைத்தூன் அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.